ஈலா கண் திறந்த அத்தியாயம்

கோப்பி ஆறிவிட்டது, விஜயன் தம்பி. வேறு போட்டுத் தருகிறேன். நீங்கள் அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசிக்கும்போது குறுக்கே பேச வேண்டாம் என்றுதான் சும்மா இருந்தேன். வாசிக்கிறவர்களைத் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காத காரியம்.

ஆமாம், உங்கள் தங்கச்சிக்கு நான் வாசித்தது வேறு. கேட்டுவிட்டீர்கள், மறைக்கப் போவதில்லை. உட்காருங்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். மேல்மாடி நேசம்மா ஆன்டி. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம், அடுத்தவர்கள் எழுதியதை ஒரு காற்புள்ளி மாறாமல் தட்டச்சு செய்து கொடுத்தவள். பென்ஷன் வாங்கிக்கொண்டு இந்த பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக உட்கார்ந்த பிறகுதான் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. அப்போது கீழ்வீட்டுக்கு உங்கள் அம்மா இராஜம்மாவும் தங்கச்சி புஷ்பவல்லியும் குடிவந்தார்கள். காய்ச்சலில் இரண்டு கண்ணிலும் புண் வந்து, ஆறியபோது வெண்படலம் விழுந்துவிட்ட பிள்ளை. வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது. அம்மா மத்தியான ஷிப்டுக்குத் தொழிற்சாலை பஸ் ஏறியதும் சுவரைத் தடவிக்கொண்டு மேலே வருவாள். நாலு மணிக்கு டீ, பிறகு வாசிப்பு.

ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து, வரிக்கு வரி தமிழில் சொல்வேன். வேறொரு கிரகம். மண்ணுக்கு அடியில், இருட்டிலேயே வாழும் சனங்கள். அங்கே ஈலா என்றொரு பார்வையில்லாத பெண். மேலே நிற்கும் விண்கப்பலிலிருந்து தோரன் என்பவன் ரேடியோவில் அவளோடு பேசுவான். குரலைக் கேட்டே காதல். இந்த மாதிரி இளசுகளின் கதைகள் மேல் எனக்கு மரியாதை ஒன்றும் கிடையாது. ஆனால் புஷ்பவல்லி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் ஆன்டி? அப்புறம்?" என்பாள். ஐம்பத்தெட்டு வயது வரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காகவே விடிகிற மாதிரி இருந்தது.

முதல் பாகம் அந்தரத்தில் முடிந்தது. இரண்டாம் பாகத்தை வாங்கி வந்தது நீங்கள். எண்பத்தாறு தீபாவளிக்கு, நீங்கள் வேலை பார்க்கும் பண்டமாரானிலிருந்து வந்து அவள் மடியில் வைத்தீர்கள். "கண்ணு தெரிஞ்சதும் நீயே படி லா. டிக்ஷனரியும் வாங்கித் தரேன்" என்றீர்கள். நல்ல அண்ணன். பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பெயரைப் பதிந்ததும் நீங்கள்தான். கொழும்பிலிருந்து தானக் கண் வந்தால் கூப்பிடுவார்கள். மறுபடி புண் வருவதற்குள் வைத்துவிட்டால் பார்வை வரும், அதற்குப் பிறகு எந்தக் கண்ணை வைத்தும் பயனில்லை என்று டாக்டர் சொன்னதாக இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னீர்கள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவளுக்கு ஏது பொறுமை? மறுநாளே புத்தகத்தோடு வந்தாள். "இதுதான் கடைசித் தொல்லை ஆன்டி. கண்ணு தெரிஞ்சா அண்ணன்கூட பண்டமாரானுக்குப் போயிருவேன். உங்களுக்கும் ரெஸ்ட்." நல்ல மனதோடுதான் சொன்னாள். எத்தனை பக்கம் மிச்சம் என்று நான் புத்தகத்தைப் புரட்டி எண்ணினேன்.

இரண்டாம் பாகத்தில் கப்பல் மருத்துவர்கள் ஈலாவுக்குக் கண் கொடுக்கிறார்கள். இப்போதுதான் வாசித்தீர்கள்: அவள் கண் திறந்து தோரனைப் பார்த்துச் சிரிக்கிறாள், இருவரும் மேலே ஏறிப் போய்ச் சூரியன் உதிப்பதைப் பார்க்கிறார்கள். நான் முதலில் ஒரு வரியைத்தான் மாற்றினேன். வெளிச்சம் அவளை ஊசியாகக் குத்தியது என்றேன். பிள்ளை முகத்தைச் சுளித்தாள். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். பிறகு தினமும் கொஞ்சம். கண் வந்தவளிடம் இனி நமக்கு என்ன வேலை என்று, வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள் என்றேன். பயம் அவளுக்கு முன்பே இருந்தது, தம்பி. நான் அதற்கு ஊரும் பேரும் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இந்த பிளாக்கில் டெலிபோன் என் வீட்டில் மட்டும்தான். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். கண் வந்திருக்கிறது, ஏழு மணிக்குள் வந்து சேர வேண்டும். நான் மறைக்கவில்லை. அந்தப் பழியை மட்டும் என்மேல் போடாதீர்கள். உடனே இறங்கிப் போய்ச் சொன்னேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிவ மட்டும் கேட்டுட்டுப் போறேன் ஆன்டி."

வாசித்தேன். அவசரப்படாமல் வாசித்தேன். என் முடிவில் தோரன் எதிரே நின்று பேசுகிறான். பார்வை வந்த ஈலாவுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. அவன் திரும்பிப் போகிறான், கப்பல் கிளம்பிவிடுகிறது. புஷ்பவல்லி ஏங்கி ஏங்கி அழுதாள். ஆறு மணிக்கு, "நான் போகல" என்றாள். பத்தொன்பது வயதுப் பெண், அவள் இஷ்டம். ஆஸ்பத்திரிக்குத் தெளிவாகத் தகவல் சொன்னேன். உங்கள் அம்மா வேலை முடிந்து வந்து தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் அந்தக் கண் வேறொருவருக்குப் போய்விட்டது. மூன்றாம் மாதம் புண் வந்தது. டாக்டர் சொன்னது சரிதான்.

இப்போது அவளுக்கு வெளிச்சமும் தெரிவதில்லை. தினமும் வருகிறாள். அந்த எழுத்தாளர் மூன்றாம் பாகம் எழுதவே இல்லை, கடையில் விசாரித்துவிட்டேன். நாங்கள் ஏழாம் பாகத்தில் இருக்கிறோம். மடியில் பழைய டெலிபோன் புத்தகத்தை வைத்துக்கொள்வேன். பக்கம் புரளும் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி.

நாலு மணி ஆகிறது. கேட்கிறதா, படியில் அவள்தான். நடந்ததைச் சொல்லத்தான் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று. நீங்கள் மாலை வகுப்பில் சேர்ந்து ஆங்கிலம் படிப்பதாக அவள் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும், ஒருநாள் அந்தப் புத்தகத்தை எடுப்பீர்கள் என்று. அதனால் போன வாரக் கதையில் ஈலாவுக்கு ஓர் அண்ணன் வந்தான். உன்னைப் பார்த்துக்கொள்கிறவள் பொய்க்காரி, அவளை விட்டுவிட்டு என்னோடு வா என்று கூப்பிட்டான். ஈலா அவன் முகத்தில் கதவைச் சாத்தினாள்.

அந்த இடத்தில் புஷ்பவல்லி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எவ்வளவு பாசமான பிள்ளை, பாருங்கள்.