ஒரே குவியல்

— என்னடி இது?

— மண்ணுக்கா.

— மண்ணுன்னு எனக்குத் தெரியாதா? என் தொட்டியெல்லாம் ஏன் கவுந்து கிடக்கு? கீழ வண்டியில பீரோ ஏத்தியாச்சு, கட்டில் ஏத்தியாச்சு. மண்ணை மூட்டை கட்டலாம்னு மேல வந்தா, மாடி நடுவுல மலை மாதிரி குவிச்சு வச்சிருக்க.

— காய்ச்சு ஓஞ்ச தொட்டிதானேக்கா. பழைய மண்ணைக் கொட்டி, வேரைப் பொறுக்கி, சலிச்சு, புது உரம் கலந்து வச்சேன். வருஷா வருஷம் செய்யறதுதானே.

— வருஷா வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். இன்னைக்கு நான் வீடு மாறுறேன். சிவப்புத் துணி கட்டின தொட்டியெல்லாம் என்னோடது, தொடாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. துணியெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், இந்தாங்க.

— இதை வச்சு நான் என்ன தலையில கட்டிக்கவா? இதுல எது என் மண்ணு, எது உன் மண்ணு?

— எல்லாம் ஒரே நிறமாத்தான்க்கா இருக்கு.

— பேசாதே. உன் மண்ணு வெறும் களி. தண்ணி ஊத்தினா மேலயே குளம் கட்டும். என் மண்ணு அப்படியா? நார்த்தூளு, டீத்தூளு, முட்டை ஓடு. நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்த நாள்லேர்ந்து காய்கறித் தோலு ஒண்ணு விடாம மக்க வச்சுச் சேத்தது. கையில பிடிச்சா பொலபொலன்னு உதிரும்.

— அந்தத் தோலையெல்லாம் சீவினது யாருக்கா?

— நீதான் சீவின. அதுக்கென்ன இப்போ?

— ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

— ஏய், மேல என்னதான் பண்றீங்க? வண்டிக்காரர் அடிக்கிற ஹாரன்ல தெருவே எட்டிப் பாக்குது.

— வரேங்க. மண்ணு இன்னும் கட்டல.

— மண்ணாவது மட்டையாவது. இறங்கி வா. தம்பி வெளிய வர்றதுக்குள்ள கிளம்பணும். அவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்.

— கேட்டீங்களாக்கா உங்க வீட்டுக்காரர் பேச்சை? என் வீட்டுக்காரரும் உள்ள உக்காந்து இதையேதான் சொல்லிட்டிருக்கார். பைக் நிறுத்துற இடத்துக்கு அடிச்சுக்கிட்டு அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டாங்க. நடுவுல நம்மளை யாரு கேட்டா?

— யாரும் கேக்கல. எனக்கு மட்டும் இனிக்குதா? பாத்திரத்தைப் பிரிச்சாங்க, மெத்தையப் பிரிச்சாங்க, துடைப்பம் வரைக்கும் உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு ஆச்சு. எதுக்கும் நான் வாயைத் திறக்கல. இந்த மண்ணு ஒண்ணுதான் கேட்டேன். அதுலயும் நீ... ஏண்டி, இரு இரு. உன் கத்திரித் தொட்டியில வேர்ப்புழு வச்சிருந்துச்சே, அந்த மண்ணு எங்க?

— அதையும் கலந்துட்டேன்க்கா.

— அடிப்பாவி. மொத்தமும் போச்சா?

— போகல. அதை மட்டும் தனியா நனைச்சு, பிளாஸ்டிக் தாளைப் போட்டு இறுக்கி மூடி, வெயில்ல நல்லா வேக விட்டுத்தான் கலந்தேன். ஒரே ஒரு புழுவைக் காட்டுங்க, நான் பேச்சை நிறுத்திடறேன்.

— வெயில்லயா? அதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகுமே.

— ஆச்சு.

— அப்போ நாங்க வீடு பாத்துட்டு வந்தப்பவே மூடிட்டியா?

— அன்னைக்குச் சாயங்காலமே.

— வேணும்னேதான் கலந்திருக்க.

— ஆமாக்கா. ஒவ்வொரு சாமானா பிரிச்சாங்க, கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டு நின்னேன். இதை மட்டும் எவராலயும் பிரிக்க முடியாத மாதிரி செஞ்சுடணும்னு தோணுச்சு. செஞ்சுட்டேன். திட்டணும்னா திட்டிக்கோங்க.

— அந்தச் சாக்கை இப்படிக் கொடு.

— இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த வீட்டை நானும் போய் எட்டிப் பாத்தேன். பால்கனி கிடையாது. மாடிக்குப் பூட்டு. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. இவ்வளவு மண்ணைக் கொண்டுபோய் எங்க வைப்பீங்க?

— எனக்குத் தெரியாதாக்கும்.

— தெரிஞ்சுமா இந்த மண்ணுக்கு மல்லுக்கட்டுனீங்க?

— வேற எதைச் சொல்லிடி நான் இங்க நிக்கறது?

— ஏய், கடைசியா கேக்கறேன், நீ கீழ இறங்கி வர்றியா இல்லையா?

— ஏங்க, வண்டியில ஏத்தினதையெல்லாம் இறக்கச் சொல்லுங்க. என் மண்ணு வேற, இவ மண்ணு வேறன்னு பிரிச்சுக் கொடுத்தாத்தான் நான் படி இறங்குவேன். நீங்களே மேல வந்து பிரிங்க. வரும்போது உங்க தம்பியையும் கூட்டிட்டு வாங்க, சல்லடைக்கு அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும்.