கடல் தெரிகிற அறை

கண்டியிலிருந்து வருகிற திருகோணமலை பஸ், மாத்தளைக்கு வரும்போதே நிரம்பிவிடும், மிஸ். தம்புள்ளைக்குப் போய் மாறி ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். அஸ்ரா அப்படித்தான் கெம்பஸுக்குப் போய் வந்தாள். அவசரமில்லை, உட்காருங்கள். வாசலில் வைத்து நீங்கள் ஒன்று கேட்டீர்கள்: "றமீஸா, உங்கட தங்கச்சிய யார் இப்பிடி ஆக்கினது?" விரிவுரையாளர் ஒருவர் இவ்வளவு தூரம் வந்து கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அனுப்புவது மரியாதை இல்லை.

உம்மா மௌத்தானபோது அஸ்ராவுக்குப் பல்கூட முளைத்திருக்கவில்லை. நான்தான் வளர்த்தேன். எனக்கு வந்த கல்யாணப் பேச்சுகளை வேண்டாம் என்றேன். அதை நான் ஒருநாளும் அவளிடம் சொல்லிக்காட்டியதில்லை.

நான் பாலர் பாடசாலை டீச்சர். ஊரில் பாதிப் பேர் என்னிடம் எழுத்துப் படித்தவர்கள். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் என்னைத்தான் விசாரிப்பார்கள். அந்த வேலையில் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லைக் கேட்பதில்லை. சொல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் எடுக்கிறோம் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

முதல் வருடம் அவளுக்கு விடுதி கிடைத்தது. இரண்டாம் வருடம் வெளியே போடிங் அறை தேட வேண்டும் என்றார்கள். நானும் கூடப் போனேன். வெயிலில் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தோம். ஓரிடத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இன்னோரிடத்தில் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கடைசியில் அபீபா என்ற ஒரு தாயின் வீட்டு மேல்மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல். அஸ்ரா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ராத்தா, படிச்சு முடிஞ்சும் நான் இங்கயே ஒரு வேல தேடிக்கிறேன். நீங்க லீவுக்கு வாங்க."

லீவுக்கு வா என்றாள். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் அதை நல்ல மனதோடுதான் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பிய மறுநாள் அபீபா போன் எடுத்தார்.

"புள்ள, உங்கட தங்கச்சிட சிரிப்பப் பார்த்தா வாடகை வாங்கவே மனம் வருகுதில்ல. ஆனா என்ட ஊட்டுல வளந்த பொடியனுகள் ரெண்டு பேர் இரிக்கானுகள். ஒரு கொமர்ப் புள்ளய வெச்சிக்கிறண்டா விசாரிக்கத்தானே வேணும். ஆள் எப்பிடி?"

நான் பொய் சொல்லவில்லை, மிஸ். முதல் தடவை வேண்டுமென்று செய்ததுகூட இல்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து, "நல்ல புள்ளதான்... இப்ப" என்றேன். மறுமுனையில் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. "சொந்த ராத்தாவே இப்பிடிச் சொன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடுவாள் என்று கேட்டுக்கொண்டேன். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவரும் அழுதார்.

அந்த அறை கிடைக்காமல் போய், அஸ்ரா பார்த்த அடுத்த வீடு தங்கேஸ்வரி அக்காவுடையது. அவருக்கும் அதே பதிலைச் சொன்னேன். இந்த முறை தொண்டை அடைக்கவில்லை. பிறகு வந்த அழைப்புகளுக்கும் அப்படித்தான். அவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். ஒருவர்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அறை தருவதாகச் சொன்னவர்கள் மறுநாள், சொந்தக்காரர் வருகிறார், கூரை ஒழுகுகிறது என்றார்கள். கடைசி வீட்டில் மட்டும், "உங்கட ஊர்லயே ஒரு மாதிரித்தான் கதைக்கிறாங்க" என்று வாய் தவறிவிட்டது.

அன்று அஸ்ரா போனில் அழுதாள்.

"ராத்தா, உங்கள்ட கேட்டா நீங்க நல்லதாத்தானே சென்னீங்க? அப்பிடீந்தும் தாறாங்க இல்லேண்டா, வேற யாரோ எனக்கு எதிரா வேல செய்றாங்க. யாரா ஈக்கும்?"

"யாரெண்டு தெரிஞ்சு என்ன செய்யப் போற? நீ ஊட்டுக்கு வா" என்றேன்.

அவள் சந்தேகம் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு ஸஹ்னா மேல் போனது. சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அஸ்ரா அவளைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டாள். நான் ஸஹ்னாவைக் குற்றம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இப்போது எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

சிநேகிதிகளின் அறைகளில், பாயை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அஸ்ரா கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தாள். பிறகு பையோடு வந்துவிட்டாள். அவளுக்குப் பிடித்த கறியெல்லாம் ஆக்கினேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். வீடு பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் யாருமே பிடிபடாதபோது அவள் தனக்குள்ளேயே தேடத் தொடங்கினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "ராத்தா, பஸ்ல ஒரு கொண்டக்டரோட சிரிச்சிப் பேசினேன். அதா ஈக்குமா?" என்பாள். "கூடப் படிக்கிற பொடியன்கிட்ட நோட்ஸ் வாங்கினேன். அதா?" என்பாள். நான் தலையைத் தடவி, "விடு மகள், மறந்துடு" என்பேன். தப்பே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பையை எடுப்பாள் என்று தோன்றும். மறந்துவிடு என்றால், மறப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். இப்போது கண்ணாடியின் முன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். சிரிப்பு அவளுக்குப் பயமாகிவிட்டது.

இன்று நீங்கள் வந்து, "அஸ்ரா, என்ட வீட்டில ஒரு அறை சும்மாதான் கிடக்குது. வாடகை வேண்டாம். ஒருத்தரையும் விசாரிக்கவும் தேவையில்லை, வாங்கோ" என்றீர்கள். உங்களுக்கு வைத்த தேநீரில் சீனி போட மறந்துவிட்டேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அவள் என்ன சொன்னாள் என்பது உங்களுக்கே தெரியும். "என்னப் போல ஒருத்திய ஊட்டுல வெச்சி நீங்களும் பேர் கெட வாணாம், மிஸ். நான் ராத்தாவோடயே ஈந்துக்கொள்றேன்."

ஆகவே நான்தான், மிஸ். வேறு யாருமில்லை. இதை அவளிடம் போய்ச் சொல்வதானால் சொல்லுங்கள், உள்ளேதான் இருக்கிறாள். அவள் நம்ப மாட்டாள். உங்களைத்தான் கோபித்துக்கொள்வாள்.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். போகமாட்டேன் என்று சொன்னது அவள். என்னோடு இருப்பது அவளாக எடுத்த முடிவு. அவள் யோசித்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை.