பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிராக நான் தூக்கிய கை

அவைக்குத் தலைமை தாங்கி, நான் அளவு மீறினால் அடிப்பதற்கென்றே அருகில் ஒரு மணியையும் வைத்துக்கொண்டிருக்கும் பள்ளித் தலைவர் அவர்களே! பிள்ளைகளின் பிடிவாதத்தைப் பெற்றவர்களைவிட அதிகம் பார்த்த தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு விரைந்து வந்திருக்கும் அன்னையர்களே! 'இந்த மனுஷர் எப்போது முடிப்பார்' என்று வாசலோரம் நின்று கைப்பேசியைப் பார்க்கும் தந்தையர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

'அடிதடி அறியாத பிள்ளைகள்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். அழைப்பிதழில் என்னைக் குழந்தை மன ஆய்வாளர் என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். உண்மைதான். பிள்ளைகளும் வளரிளம் பருவத்தினரும் ஏன் கோபப்படுகிறார்கள், எப்படிக் கூடுகிறார்கள், எப்போது மோதுகிறார்கள் என்று இருபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ஆனால், அன்பர்களே, இன்று அறிவுரை சொல்ல வரவில்லை. எனக்கு விழுந்த அடியைச் சொல்ல வந்திருக்கிறேன். அது விழுந்து பதின்மூன்று நாள் ஆகிறது.

பின்வரிசையில் கைதட்டும் அன்பரே, பொறுங்கள். முழுவதும் கேட்டுவிட்டுத் தட்டுவதா திட்டுவதா என்று முடிவு செய்யுங்கள்.

இந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். ஆறு வாரம், முப்பது நாள், மதிய இடைவேளையில் அவர்களை ஆராய்ந்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் போட்ட மேல்சட்டை. உணவுக் கூடத்தில் ஒன்று, மைதானத்தில் ஒன்று என இரண்டு கேமராக்கள். பிள்ளைகள் பேசுவதை ஒட்டுக்கேட்பது முறையல்ல என்று ஒலியை அணைத்துவிட்டோம். பெற்றோர்களான நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள். படத்தைப் பார்ப்பவர் கையில் ஒரு தாள் இருக்கும். பத்து விநாடிக்கு ஒரு முறை படத்தை நிறுத்துவார். அடித்தல், உதைத்தல், தள்ளுதல், பிடித்து இழுத்தல், பிடுங்குதல் என்று ஐந்து கட்டங்கள். நடந்திருந்தால் ஒரு கோடு. நடக்கவில்லையென்றால் வெற்றிடம்.

முதலில் ஆறாவதாக ஒரு கட்டமும் இருந்தது, பெரியோர்களே. 'ஒதுக்கி வைத்தல்' என்று அதற்குப் பெயர். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியே பார்த்து, இருவரும் ஒரே இடத்தில் கோடு போட்டால்தான் அந்தக் கட்டம் செல்லும். அடித்தால் இருவருக்கும் தெரிகிறது. முகம் திருப்பினால்? 'வேண்டுமென்றே திருப்பினாள்' என்றார் ஒருவர். 'ஜன்னலைத்தான் பார்த்தாள்' என்றார் மற்றவர். இருவரும் ஒத்துப்போகவே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறாவது கட்டத்தை அடித்துவிட்டேன். ஒதுக்குவதும் வன்முறைதான் என்று மாணவர்களுக்கு மணிக்கணக்கில் பாடம் நடத்துகிறவன் நான். எண்ண முடியாததால் எடுத்தேன். எடுத்ததால் அது இல்லாமலே போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் என் மகளும் படிக்கிறாள். அதனால் நான் அந்தப் படங்களைப் பார்க்கக் கூடாது, எந்த எண் யாருடையது என்று கேட்கவும் கூடாது. இதுவும் எங்கள் விதிதான். பார்த்தவர்கள் என் உதவியாளர்கள் இருவர். அதில் ஒருவருக்குக் கழுகுக்கண்ணி என்றே பட்டப்பெயர். எறும்பு எறும்பைத் தள்ளினாலும் கோடு போட்டுவிடுவார். என் மேசைக்கு வந்தவை வெறும் எண்களும் கோடுகளும்தான்.

முப்பத்தோரு தாள்கள் ஏறக்குறைய வெள்ளை. ஒரு தாளில் மட்டும் இருபத்தாறு கோடுகள். அது பன்னிரண்டாம் எண். ஏழாம் எண்ணின் தாளிலோ ஒரு கோடுகூட இல்லை. அந்த எண் இருந்த மேசையில்தான் எப்போதும் கூட்டம் கூடியது என்று உதவியாளர்கள் ஓரத்தில் குறித்திருந்தார்கள். மயங்கிவிட்டேன், ஐயா! என் கைப்படவே எழுதினேன்: 'இந்த வகுப்பின் அமைதிக்கு ஏழாம் எண்ணே அச்சாணி. பன்னிரண்டாம் எண்ணால் மற்றவர்களுக்குப் பாதிப்பு.' பள்ளியின் ஒழுங்குக் குழு கூடியது. ஐந்து பேர். பன்னிரண்டாம் எண்ணை வேறு பள்ளிக்கு அனுப்பலாம் என்றவர்கள் இருவர். வேண்டாம் என்றவர்கள் இருவர். ஐந்தாவது ஆள் நான். கை தூக்கினேன். வாழ்நாளில் ஒரு குழந்தைக்கு எதிராக நான் கை தூக்கியது அன்றுதான்.

மறுநாள் என் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்பவர். நீராவி பட்டுப் பட்டு விரல்கள் வெளுத்திருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், என் பொண்ணு அடிச்சா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எதுக்கு அடிச்சான்னு எழுத உங்க பேப்பர்ல எங்கயாச்சும் இடம் இருக்கா?"

நான் படித்த படிப்பையெல்லாம் துணைக்கு அழைத்தேன். "அம்மா, நாங்க நடத்தையைத்தான் பதிவு பண்றோம். காரணத்தை இல்லை" என்றேன்.

"அப்ப காரணத்த யாரு சார் பதிவு பண்ணுவாங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்தேன். விதியை மீறினேன். என் கையால் பூட்டிய பெட்டியை என் கையாலேயே திறந்து, முதல் நாள் படத்தைப் போட்டேன்.

என்ன கண்டேன்? உணவுக் கூடத்தில் பன்னிரண்டாம் எண் கையில் சாப்பாட்டு டப்பாவோடு வருகிறாள். மேசையில் ஓர் இடம் காலி. அவள் நெருங்கும்போது ஒரு பிள்ளை தன் பையை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறாள். அடிக்கவில்லை. தள்ளவில்லை. திட்டவில்லை. பையை வைக்கிறாள், அவ்வளவுதான்! பன்னிரண்டாம் எண் அடுத்த மேசைக்குப் போகிறாள். அங்கேயும் ஒரு பை. சுவரோரம் நின்று சாப்பிடுகிறாள். இரண்டாம் நாளும் பை. மூன்றாம் நாளும் பை. நான்காம் நாள், மைதானத்தில், ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறது. அவள் வருகிறாள். எல்லோரும் எழுந்து போகிறார்கள். கடைசியாகப் போகும் பெண்ணின் கையை அவள் எட்டிப் பிடிக்கிறாள். போகாதே என்று பிடிக்கிறாள், தாய்மார்களே! போகாதே என்று பிடித்த அந்தக் கைக்கு எங்கள் தாளில் என்ன பெயர் தெரியுமா? 'பிடித்து இழுத்தல், ஒன்று.' அதுதான் அவளுடைய முதல் கோடு.

முப்பது நாளில் இருபத்தொன்பது நாள் அந்தப் பை அந்தப் பெஞ்சில் இருந்தது. ஒரே ஒரு நாள் இல்லை. அன்று பன்னிரண்டாம் எண் உட்கார்ந்து சாப்பிட்டாள். சிரித்தாள்கூட. அன்று அவள் தாளில் ஒரு கோடும் இல்லை. ஏன் அன்று மட்டும் பை இல்லை? பைக்காரி அன்று பள்ளிக்கு வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல்.

காய்ச்சல் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று மருந்து வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

ஆமாம். அமைதியின் அச்சாணி என்று நான் எழுதினேனே, அந்த ஏழாம் எண் என் மகள். படத்தில் அவள் திரும்பினாள். நான் வாங்கித் தந்த பை. என் தாயின் மூக்கு. என் மனைவியின் நெற்றி. மோவாயைச் சற்றே உயர்த்துகிறாள், ஒரு மேசையே எழுந்து போகிறது.

அம்மா, நீங்கள் வாயைப் பொத்திக்கொள்கிறீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"ஏன்மா அவளை உக்கார விடல?"

"என் பிறந்தநாளுக்கு வரேன்னு சொல்லிட்டு வரல. எல்லார் முன்னாடியும் எனக்கு அசிங்கமாப் போச்சு."

அன்று அந்தத் தாய்க்கு வேலை நேரம் மாறியிருந்தது, பிள்ளையைக் கூட்டி வர ஆளில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு பிறந்தநாளுக்கு ஆறு வாரத் தண்டனை!

"அதுக்காக இப்படியா?" என்று குரலை உயர்த்தினேன்.

என் மகள் பேனாவைக் கீழே வைத்தாள். பயமில்லை, பதற்றமில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள்: "நான் அடிக்கலையேப்பா. கோவம் வந்தா அடிக்கக் கூடாது, கத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மாமேல கோவம் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்களோ, அதத்தான் நானும் பண்ணேன்."

"நான் என்ன பண்ணேன்?"

"பேச மாட்டீங்க. போன தடவ பதினேழு நாள்ப்பா. நான் எண்ணினேன்."

தலைவர் அவர்களே, மணியின் மேல் கை வைக்கிறீர்கள். தயவுசெய்து இன்னும் சற்று நேரம் கொடுங்கள்.

பதினேழு நாள்! எண்ணுவது என் தொழில். ஊரார் பிள்ளைகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் என்னை என் பிள்ளை எண்ணிக்கொண்டிருந்தாள். மனைவியை நான் அடித்ததில்லை, அதட்டியதில்லை, ஒரு தட்டை எறிந்ததில்லை. எவ்வளவு பெருமை எனக்கு! வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். என் மனைவி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "நீங்க அடிச்சிருந்தா நான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பேன். பேசலன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றார். திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் இதை அவர் சொன்னது அன்றுதான். நான் கேட்டதும் அன்றுதான்.

கை நீட்டினால்தான் கொடுமையா? காயம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் காயமா? அடித்தால் அழலாம், அழுதால் யாராவது வருவார்கள். அருகே வந்தால் நகர்ந்துபோனால் யாரிடம் முறையிடுவது? பார்த்தும் பாராமல் போவதும், பேச வந்தவரிடம் பேசாமல் இருப்பதும், பந்தியில் இடமிருந்தும் பையை வைப்பதும் அமைதி என்றால், அந்த அமைதி எனக்கு வேண்டாம். அப்படிப்பட்ட அமைதிக்கு நான் சான்றிதழ் கொடுத்தேனே என்று நினைக்கும்போது உடம்பு கூசுகிறது.

மகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளை அறையை விட்டு வெளியே வரவில்லை. வர வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். தாய் சொன்னார்: "என்கிட்ட எதுக்கு சார் கேக்கறீங்க? அவள அடிக்கிறவன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அவ அப்படிப்பட்டவ இல்லேன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அதற்காகத்தான் இந்த மேடை. ஆய்வறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று குழுவுக்குக் கடிதம் எழுதினேன். 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்று பதில் வந்தது. அடுத்த கூட்டம் அடுத்த மாதம். அந்தப் பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டியது திங்கட்கிழமை, அதாவது நாளை மறுநாள். அவளைப் பற்றியும் என் மகளைப் பற்றியும் இங்கே பேச இருவரிடமும் அனுமதி கேட்டேன். அந்தப் பிள்ளை தாயிடம் சரியென்று சொல்லி அனுப்பினாள். என் மகள் சொன்னாள்: "சொல்லுங்கப்பா. ஆனா அந்தப் பதினேழு நாளையும் சேத்துச் சொல்லணும்." சொல்லிவிட்டேன், மகளே.

இப்போது, அவையோர் சாட்சியாக ஒன்று செய்கிறேன். அந்த அறிக்கை தவறு. அந்தப் பிள்ளை முதலில் யாரையும் தாக்கவில்லை. ஆறு வாரம் தாக்கப்பட்டாள். குழுவின் ஐந்து பேரும் இந்த மேடையில் இருக்கிறோம். அவள் இங்கேயே படிக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். நான் தூக்குகிறேன். தலைமையாசிரியை அம்மா, நன்றி. கணக்கு ஆசிரியர் ஐயா, நன்றி. மூன்று போதும். தலைவர் அவர்களே, நீங்களுமா? மணியை வைத்துவிட்டுத் தூக்குங்கள், ஐயா, ஒலிக்கிறது! நன்றி, நன்றி.

இப்போது தட்டுகிறீர்கள். தட்டுங்கள். பொறுங்கள், பொறுங்கள், நான்காவது வரிசையில் ஓர் அம்மா எழுந்து நிற்கிறார். அவர்தான். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

"கை தூக்குனதெல்லாம் சரி சார். திங்கக்கிழமை மத்தியானம் என் பொண்ணு எந்த பெஞ்சுல உக்காருவா?"

கேட்டீர்களா, கைதட்டியவர்களே? ஒழுங்குக் குழு ஒரு பிள்ளையைப் பள்ளியில் வைத்துக்கொள்ளலாம். பெஞ்சில் இடம் கொடுக்க எந்தக் குழுவுக்கும் கை இல்லை. அந்தப் பெஞ்சின் பதில் உங்கள் வீடுகளில் இருக்கிறது. என் வீட்டையும் சேர்த்து முப்பத்தோரு வீடுகள். இந்தத் தாய் கேட்ட கேள்வியை ஒரு சொல் மாற்றாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை, வீட்டில் யாரிடம் பேசாமல் இருக்கிறீர்களோ அவரிடம் போய்ப் பேசுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பதறிக் கேட்ட தாய்மார்களுக்கும், கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்ட தந்தையர்களுக்கும் நன்றி. அம்மா, உங்கள் கேள்விக்குத் தலைகுனிந்து, வணங்கி விடைபெறுகிறேன்.