ஜன்னலை விட்டு இருபதடி

அய்யய்யோ, அந்தத் தாள் இல்ல சார். அது எங்க சுகாதாரத் துறை டைரக்டர் எழுதினது. அதைப் படிச்சா புயலே பயந்து திரும்பிப் போயிடும். இந்தாங்க, இதைப் பிடிங்க. இது நான் எழுதினது. புயல், வெள்ளம், அதுக்கப்புறம் வர்ற வாந்திபேதி, எல்லாத்தையும் ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம். சாயங்காலத்துலேர்ந்து உங்க ரேடியோல மணிக்கொரு தரம் போகும்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். அவர் எழுதினதைப் பாருங்களேன். கொதித்தாறிய நீரையே பருகுக. இடுப்பளவு தண்ணில நிக்கறவன் பருகுவானா சார்? தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க, தீந்துது. இதுக்கு ஒரு மீட்டிங், அதுக்கு வடை வேற.

என்னுது மட்டும் யோக்கியமான்னா, அதுவும் இல்ல. வெள்ளத்துல நடக்காதீங்கன்னு எழுதி எங்க மாமியார்கிட்ட படிச்சுக் காட்டினேன். ஏண்டி, நடக்காம பறந்தா போறதுன்னாங்க. மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் மாத்தினேன். நடந்தே ஆகணும்னா பூட்ஸ் போடுங்க, கால்ல புண்ணு இருந்தா மூடிக்கோங்க, வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்க.

ஆங், அந்த ஜெனரேட்டர் வரிதான். அதை எடுத்தே ஆகணும்னு டைரக்டர் ஒத்தக்கால்ல நின்னார். ஊர்ல எத்தனை பேர்கிட்டம்மா ஜெனரேட்டர் இருக்குன்னார். அந்த எடத்துல இவர் வணக்கம் சொல்லணுமாம். வீட்டுக்குள்ள அதை ஓட்டினவன் மேலேர்ந்துதான் உங்களுக்குப் பதில் வணக்கம் சொல்லணும் சார்னேன். மனுஷன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! அந்தப் புகையில இருக்கற விஷத்துக்கு வாசனை கிடையாது, நெறம் கிடையாது. தூங்கினவன் தூங்கினவன்தான். வெளிய வைங்க, ஜன்னலை விட்டு இருபதடி தள்ளி வைங்க. அதை மட்டும் ரெண்டு தரம் படிச்சிடுங்க. கொஞ்சம் அதட்டியே படிங்க, பரவாயில்ல.

நானா? ஏன், எப்பவும் நான்தான் படிப்பேன். இந்தத் தடவை தொண்டை கட்டிடுச்சுன்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். கட்டின தொண்டையா இப்படி வாயடிக்குதுன்னு பாக்கறீங்க. அதில்ல சார். எங்க அண்ணன் ஆத்தோரம் குடியிருக்கான். வீட்டைப் பிரிக்கறதுல சண்டை, எங்கிட்ட பேச்சு வார்த்தை இல்ல. போன மழைக்கு ஜெனரேட்டர் நனைஞ்சிடும்னு கூடத்துக்குள்ள தூக்கி வெச்சு, கதவெல்லாம் சாத்திட்டு ஓட்டியிருக்கான். அண்ணிக்குத் தலை சுத்திக் கதவைத் தெறந்ததுல பொழச்சாங்க. காலைல போன் பண்ணினேன். நீ யாருடி எனக்குச் சொல்லன்னு வெச்சுட்டான்.

ரேடியோ கேப்பான். அதுல என் குரல் வந்தாத்தான் பட்டுன்னு அணைச்சிடுவான்.

ம், சிவப்பு லைட் எரியுது. படிங்க சார்.