சாலட் செய்யச் சொல்லிக் கொடு

— மூடியத் தொறக்காத அக்கா. அந்தத் தண்ணியிலயே கெடந்து ஆறோணும். அப்பத்தான் கறி பஞ்சாட்டம் இருக்கும்.

— அங்கதான் நான் தப்புப் பண்ணியிருக்கறேன் ஹரிதா. வெந்த ஒடனே எடுத்து வடிச்சுப்போட்டேன். நார் நாராப் போயிருச்சு.

— கோழியில வெறும் நெஞ்சுக்கறி அப்படித்தான் காலை வாரி உட்ரும். தண்ணியில உப்பு, நாலு மொளகு, ஒரு துண்டு இஞ்சி, அவ்வளவுதான். ஆறுன பொறவு கையில பிச்சு பிரிட்ஜுல வெச்சிரு. வெள்ளரிக்கா, கேரட்டு, கொஞ்சூண்டு மாங்கா, கொத்தமல்லி, மேல தயிரு. வேலை முடிஞ்சுது. இதுக்குப் போயா கணபதியிலிருந்து போத்தனூருக்கு ரெண்டு பஸ்ஸு மாறி வந்த? போன்ல கேட்டாச் சொல்லியிருப்பேனே.

— போன்ல கேட்டா மனசுல நிக்காது அம்மணி. கண்ணால பாத்தாத்தான் கைக்கு வரும்.

— அதுக்குன்னு இந்த மே மாச வெயில்லயா?

— போச்சாது, பரவால்ல. தயிரு எப்படி இருக்கோணும்?

— அந்தா பாரு, துணியில கட்டித் தொங்க உட்ருக்கறேன். அந்தக் கெட்டி இருந்தாப் போதும். மயோனைஸ் எல்லாம் தொடவே தொடாத.

— ஆமாமா, அது ஆகாது. அதப் போட்டாக் கோவம் வந்துருது.

— கோவமா? யாருக்கு?

— ஊட்டுல டயட்டுங்கறாங்க. எண்ணெ ஆகாது, சோறு ஆகாது. கோழி மட்டும் வேணும், அதும் ஜில்லுன்னு.

— யாரு, நம்ம வெங்கடபதி மாமாவா? பிரியாணின்னா பாத்திரத்தையே வழிச்சுச் சாப்பிடற ஆளாச்சே! சுகர் கிகர் ஏறிப் போச்சா?

— அதெல்லாம் இல்ல. வெள்ளரிக்காய்க்குத் தோல் சீவட்டுமா?

— சீவாத, பிஞ்சுதான். ஏன்க்கா, இந்த வேக்காட்டுல எதுக்கு முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கற? காய் வெட்டக்கூட எடைஞ்சலா இருக்குது பாரு. எடுத்துச் சொருகு.

— இருக்கட்டும் அம்மணி. இப்படியே பழகிருச்சு.

— என்னமோ போ. இந்தா, தயிருல எலுமிச்ச பிழிஞ்சு மொளகுத்தூள் போட்டிருக்கறேன். புளிப்பு சரியா இருக்குதான்னு சொல்லு. வாயத் தொற.

— எனக்கு வேண்டாம், நீயே பாரு.

— நாள் பூரா நாந்தான் பாக்கறேன். தொறங்கறேன்.

— ஸ்ஸ்ஸ்... அய்யோ!

— என்னாச்சு? ஒரு துளிக்கா இப்படித் துடிக்கற? வாயில புண்ணா?

— பல்லுப் புடுங்கினேன். கடவாய்ப் பல்லு. முந்தாநேத்து.

— ஒரு வார்த்த சொல்லல? எந்த டாக்டரு?

— அங்கதான், ஊட்டுக்குப் பக்கத்துல. உடு, காயெல்லாம் வாடுது.

— இப்படி வெளிச்சத்துக்குத் திரும்பு. அக்கா, ஒதடு உள்ளார கிழிஞ்சு கெடக்குது. தாடையெல்லாம் நீலம் பாஞ்சிருக்குது.

— புடுங்கினா வீங்கத்தான செய்யும்?

— கையில என்ன அது? முந்தானையத் தூக்கு. தூக்குங்கறேன்!

— உடு ஹரிதா, வலிக்குது.

— பல்லுப் புடுங்கினாக் கையில வெரல் தடம் எப்படி உழும்?

— அந்தத் தயிர எடுத்து உள்ள வெய்யி. இந்த வெக்கைக்குப் புளிச்சுரும்.

— புளிச்சாப் புளிக்கட்டும். கத்தியக் கீழ வெச்சுப்போட்டு இப்படி உக்காரு. அடிச்சதுதான இது?

— அடின்னு சொல்லாத. ஒரு ஆத்திரம். அன்னிக்கு நான் செஞ்சது சரியா வரல. கறியும் நாரு, அதுக்கு மேல மயோனைஸ வேற ஊத்திப்போட்டேன். சாலட்டுன்னா இதுதாங்கன்னு கடைக்காரன் எடுத்துக் குடுத்தான். எனக்கென்ன தெரியும்? ஒரு வாய் வெச்சதும் தட்டு பறந்துருச்சு. திங்கற தட்ட வீசலாமான்னு கேட்டேன். அது ஒண்ணுதான் கேட்டேன் அம்மணி. கையப் புடிச்சு முறுக்குனப்பவே நான் அக்கட்டத் தள்ளிப் போயிருக்கோணும். பக்கத்து ஊட்டு ரிஃபத் மாடியில துணி ஒணத்திக்கிட்டு இருந்துச்சு. அதுக்குக் கேட்டுருமேன்னு நான் வாயப் பொத்திக்கிட்டேன். பொத்துன கை மேலயே உழுந்துச்சு.

— அய்யோ, அக்கா.

— அப்பறம் தரையில செதறுன கேரட்டெல்லாம் குனிஞ்சு பொறுக்கினேன். பொறுக்கிக்கிட்டே என்ன நெனச்சேன் தெரியுமா? இன்னுங் கொஞ்சம் பொடிசா நறுக்கியிருந்தா இப்படி ஆயிருக்காதோன்னு. அத நெனச்சாத்தான் இப்பக் கூசுது. அடி கூட இவ்வளவு கூசல.

— அதுக்குத்தான் வந்தியா? அடி உழுகாமச் சமைக்கறது எப்படின்னு கத்துக்கறதுக்கா?

— நீ நல்லாச் செய்வியே. நீ செஞ்சா யாரும் கொறை சொல்ல மாட்டாங்களே.

— இப்படி ஒரு வார்த்தைய உன்ற வாயில கேக்கறதுக்கா நான் கோழி வேகவெச்சேன்? நம்மப்பா போன பொறவு மாமாவத்தான அந்த எடத்துல வெச்சிருந்தேன். எனக்கு மாப்பிள்ள பாத்தவரு, கையப் புடிச்சுக் குடுத்தவரு. அந்தக் கையா இது? மனுசந்தானா அவரு?

— மாமாவ ஒண்ணும் சொல்லாத.

— இன்னும் பரிஞ்சுக்கிட்டு வார பாரு!

— சொல்லாதங்கறேன்ல. அவரு பேரையே எடுக்காத.

— செரி, நான் எடுக்கல. கேக்க வேண்டியவன் கேப்பான். என்ற போன் எங்க? பவனக் கூப்புடறேன்.

— பவன் வேண்டாம்!

— ஏன் வேண்டாம்? காலேஜு முடிக்கப் போற பையன். தெனமும் ஜிம்முக்குப் போயி தோளும் கையுமா போட்டோ போடறானல்ல? பெத்தவளுக்கு ஒண்ணுன்னா நடுவுல வந்து நிக்கட்டும்.

— ஹரிதா, உன்ற கால்ல வேணா உழுகறேன். போனக் குடு.

— தள்ளு. ஸ்பீக்கர்ல போடறேன், நீயுங் கேளு. அலோ, பவனு?

— சொல்லுங்க சித்தி. அம்மா அங்க வந்துச்சுங்களா? காலையிலிருந்து போனே எடுக்க மாட்டேங்குது.

— இங்கதான் இருக்கறா. அவ மொகத்தப் பாத்துப்போட்டுத்தான் உன்னக் கூப்புடறேன். உனக்குத் தெரியுமா?

— தெரியுங்க சித்தி.

— தெரிஞ்சுமாடா வாய மூடிக்கிட்டு இருக்கற? உங்கப்பாவ ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா?

— அப்பாவயா? அம்மா... அப்பான்னுங்களா சொல்லுச்சு?

— அவ எங்க வாயத் தொறக்கறா! நானாத்தான் கண்டுபுடிச்சேன்.

— அம்மணி, வெச்சிரு. போதும், வெச்சிரு.

— அப்பா இல்லைங்க சித்தி. அவருக்கு எதுவுமே தெரியாது. பல்லுப் புடுங்குனதாத்தான் அம்மா அவருகிட்டயும் சொல்லியிருக்குது. நாந்தாங்க. நாந்தான் அம்மாவ அடிச்சுப்போட்டேன்.

— என்னடா சொல்ற?

— தெரியாம நடந்துருச்சுன்னு சொல்ல மாட்டேனுங்க சித்தி. அம்மாகிட்டப் போனக் குடுங்க.

— அக்கா, பவனா? நம்ம பவனா?

— பெத்த புள்ள கை வெச்சான்னு எந்த வாயால சொல்றது அம்மணி? புருசன் அடிச்சான்னாக் கூட ஊரு ஒரு அய்யோ பாவம் சொல்லும். இதுக்கு, எப்படி வளத்திருக்கறா பாருன்னுதான சொல்லும்?

— மாமாவ நான் என்னென்னமோ பேசிப்போட்டேனே. இனி அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்?

— அம்மா, கேக்குதுங்களா? நான் பைக்க எடுத்துக்கிட்டு இப்பவே வாரேன். அப்பா வேலை முடிஞ்சு வாரதுக்குள்ள நம்மூட்டுக்குப் போயர்லாம். அவருக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்கம்மா.

— வராதடான்னு நானே சொல்லிர்றேன்க்கா.

— இல்ல. போன இப்படிக் குடு. பவனு, அம்மா பேசறேன்.

— சொல்லுங்கம்மா.

— தனியா வராத சாமி. அப்பா வரட்டும், அவரயுங் கூட்டிக்கிட்டு வா. எதுக்குடா போறோம்னு கேப்பாரு. நீயே உன்ற வாயால சொல்லிக் கூட்டிக்கிட்டு வா.