களவாகச் சேர்ந்த வகுப்பு

“எங்கட மற்றக் கணக்கு ரீச்சரின்ர ஒன்லைன் வகுப்புக்கு நான் களவாப் போனனான், ரீச்சர்.”

கிளிநொச்சியிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். யன்னலோரம் இருந்த கணக்கு ஆசிரியைதான் இப்படிச் சொன்னார்.

“என்னத்துக்கு?” என்றார் மற்றவர்.

“என்ர ஒன்லைன் வகுப்பில இருநூறு பிள்ளையள். கேள்வி கேட்டா ஆரின்ரையோ வீட்டுக் கோழி கத்துறதுதான் கேக்கும். அவாவும் இதே கணக்குத்தான் படிப்பிக்கிறா. முந்நூறு பேராம், ஒரு பிள்ளையும் இடையில எழும்பாதாம். எப்பிடியெண்டு பாப்பமெண்டு அக்காவின்ர மகளின்ர பேரில போனன்.”

“அப்பிடி என்ன செய்யிறா?”

“‘உருத்திரபுரத்துப் பிள்ளையள், வாய்க்காலில தண்ணி விட்டாச்சோ?’ எண்டு கேக்கிறா. எல்லாம் விழுந்தடிச்சு மைக்கைப் போடுதுகள். பிறகு அந்தத் தண்ணியையே கணக்காக்கிறா. இதெல்லாம் ஒரு படிப்பிப்போ?”

“பிறகு?”

“அக்காவின்ர மகளின்ர பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டிட்டா. குரல் பிடிபட்டிடுமெண்டு விடையை எழுதி அனுப்பினன். அவசரத்தில பிழைச்சுப்போச்சு.”

மற்றவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சிரிக்காதேங்கோ. ‘பரவாயில்லைப் பிள்ளை, திரும்பச் செய்து பாருங்கோ’ எண்டா. எனக்கு! வயிறு பத்தி எரிஞ்சுது.”

“உடன வெளியில வந்திட்டீங்களோ?”

“இல்லை. திரும்பச் செய்தன்.”

பஸ் மாங்குளத்தைத் தாண்டியது.

“இனிப் போகமாட்டீங்கள்தானே?”

“இண்டைக்கு நாலு மணிக்கு வகுப்பு. இந்த முறை முதல் விடை என்ரதுதான்.”