குரல் கேட்டு இறக்குவது

எனக்குப் பேச வராது. திக்குவாய் இல்லை, மனிதர்களிடம் என்ன கேட்பது என்று தெரியாது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில், காய்ச்சலில் படுத்திருந்த மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, மின்விசிறி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தவன் நான். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். இப்படிப்பட்டவனைத்தான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மெக்கானிக்குகளுக்கு மேலாளராக்கினார்கள். அதையும் உங்கள் விசாரணை அறிக்கையில் குறித்துக்கொள்ளுங்கள், மேடம்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் இருந்தது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குமுன் மெக்கானிக் மேலாளருக்குப் போன் செய்வான். வேலை விஷயம் ஒன்றும் இருக்காது, மேலாளர் இப்படிக் கேட்பார்: "சாப்பிட்டியா? பையன் பரீட்சை என்னாச்சு?" அவ்வளவுதான். எனக்கு முன்பிருந்தவர் அந்தக் குரலை வைத்தே தூங்காதவனையும் குடித்தவனையும் அழுதவனையும் கண்டுபிடித்து, "இன்னைக்கு நீ இறங்க வேணாம், வீட்டுக்குப் போ" என்பார். நான் வந்தபின் அந்தப் போன்களில் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

பிறகு கம்பெனி ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் தந்தது. மெக்கானிக்குகள் அனுப்பும் செய்திகளுக்கு என் பெயரில், என்னைவிட அன்பாக, தானே பதில் எழுதும். போனை நிறுத்தினேன், எல்லாம் செய்தியாகவே வரட்டும் என்றேன். கொஞ்ச நாளில் எல்லோரும் என்னைக் கண்டால் சிரித்தார்கள். ஒருவன் தன் குழந்தைக்கு நான் சொன்ன பெயரையே வைத்துவிட்டதாக இனிப்பு கொடுத்தான். என்ன பெயர் என்று கேட்க முடியுமா? வாங்கித் தின்றேன். ஆண்டு விழாவில் 'மனிதநேயத் தலைவர்' என்று கேடயம் கொடுத்தார்கள். ஏற்புரையும் செயலி எழுதியதுதான். படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

எங்கள் மூத்த மெக்கானிக்கை 'மாடிப்படி' என்று கூப்பிடுவோம். எந்தக் கட்டிடத்திலும் படியேறித்தான் போவார். கேட்டால், "லிஃப்டை ரிப்பேர் பண்ணவன் யாருன்னு எனக்குத் தெரியும்பா" என்பார். மனைவி இறந்தபின் அவர் என்னிடம் மனம்விட்டு எழுத ஆரம்பித்தார். பதில்களும் போயின. ஒருநாள் அலுவலக வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே தம்பி, அதைப் பிடிச்சுக்கிட்டுதான் எழுந்து நடமாடறேன்."

என்ன சொன்னேன் என்று தெரியாமல், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அதன்பிறகு அவர் எதிரே வந்தால் கழிவறைப் பக்கம் திரும்பிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று எழுதியிருந்தேனாம். கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழப்பை, படியேறிய மூச்சிரைப்பு. மணியடித்தார். நான் அசையாமல் நின்று, வெளியூரில் இருப்பதாகச் சொல்லும்படி செயலியிடம் கேட்டுக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் போன் ஒலித்தது. படித்தார்.

"பாவம், லீவு நாள்லகூட அலையறார்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பையைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை குழிக்குள் இறங்குமுன் அவர் அனுப்பிய செய்தியை நான் படித்தேன். நீங்கள் கேட்பது இதைத்தானே? "ராத்திரி தூங்கல தம்பி. கை நடுங்குது. உங்க குரலை ஒரு நிமிஷம் கேட்டுட்டு இறங்கறேன்." செயலி பதில் எழுதவில்லை. இவர் இன்று இறங்கக் கூடாது, நீங்களே பேசுங்கள் என்று சிவப்பில் காட்டியது. இயந்திரத்தின்மேல் பழிபோட நான் வரவில்லை, மேடம். அது தன் வேலையைச் செய்தது.

அவர் எண்ணைத் தொட்டேன். ஒலிக்குமுன் துண்டித்தேன். இத்தனை மாதம் செய்திகளில் அவருக்குத் துணையாக இருந்த ஆளை நான் ஒரே ஒரு ஹலோவில் கொன்றிருப்பேன். அந்தப் பாவம் வேண்டாம் என்று பட்டது. சிவப்பைத் தள்ளிவிட்டு, "இறங்குங்க" என்று என் கையாலேயே அனுப்பினேன். அவருக்கு நான் சொந்தமாக எழுதியது அந்த ஒரு சொல்தான்.

லிஃப்டை நிறுத்தும் விசையைப் போட அவர் மறந்துவிட்டார் என்று அறிக்கை சொல்கிறது. யாரோ மேல்மாடியில் லிஃப்டில் ஏறி, கீழே வரப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

அவருக்கு ஒரே மகள். அடக்கம் முடிந்ததும் என் முன்னால் வந்து நின்று, "அப்பா உங்களைப் பத்தியேதான் பேசுவார்ணா" என்றாள். தலையாட்டினேன். இப்போது அவள் எனக்கு எழுதுகிறாள். சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்கிறாள். பதில்கள் தவறாமல் போகின்றன. சிவப்பில் காட்டும் வசதியை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன்; அது வீணாகக் கலவரப்படுத்துகிறது.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், மேடம். அந்தச் செயலியை மட்டும் முடக்கிவிடாதீர்கள். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் என்று இருப்பவன் நான் ஒருவன்தான்.